தண்ணி லாரியில் பிக்கப் ஏற்றுவது எப்படி?

முதலில் வாழ்த்து. வண்டியில் பழைய பிக்கப் இல்லையே என்ற புலம்பலோடு இந்தப் பாடத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்கள் என்றால், பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். மீதிப் பாதிக்குத்தான் நான்.

உங்களிடம் இருப்பது 12,000 லிட்டர் டேங்கர் என்று வைத்துக்கொள்கிறேன். ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கிணற்றில் நிரப்பி, அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் அடுக்குமாடிகளின் சம்ப்பில் கொட்டுகிறீர்கள். காசு நடைக் கணக்கு. எத்தனை நடை அடித்தீர்கள் என்றுதான் ஓனர் கேட்பார், எப்படி அடித்தீர்கள் என்று கேட்கமாட்டார். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம் பழகிய வலது கால் இன்னும் பலருக்கு மேலே எழும்பவில்லை. நல்லது. அந்தக் காலை வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

1. விடியற்காலையிலேயே ஆரம்பியுங்கள்

சாவியைத் திருப்பியதும் பஸ்ஸர் கத்தும். பிரேக்குக்குக் காற்று ஏறவில்லை என்று அர்த்தம். விட்டுவைத்தால் கம்ப்ரஸர் சில நிமிஷத்தில் தானே நிரப்பிவிடும். யார் காத்திருப்பது? ஆக்ஸிலேட்டரைத் தரை வரை இறக்கி ரேஸ் கொடுங்கள். ராத்திரி முழுக்கக் கீழே வடிந்து கிடந்த ஆயில் டர்போ வரை இன்னும் ஏறியிருக்காது. அதன் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகக்கூடியது. காய்ந்த பேரிங்கில் அது சுழலும் சத்தம் உங்களுக்குக் கேட்காது. உங்கள் சத்தம் தெருவுக்கே கேட்கும். யாராவது பால்கனிக்கு வந்து திட்டினால், "தண்ணி வேணுமா வேணாமா சார்?" என்று கேளுங்கள். உள்ளே போய்விடுவார்.

2. பச்சை விழுந்ததும் முழுசாக மிதியுங்கள்

அடையாறு சிக்னல். எதிரே திரு.வி.க. பாலத்தின் ஏற்றம். பெரிய ஏற்றம் ஒன்றுமில்லைதான், ஆனால் முதுகில் 12 டன் தண்ணீர். பச்சை விழுந்த அதே கணம் பெடலைத் தரையோடு ஒட்டவையுங்கள். வண்டி கிளம்பாது. இன்னும் அழுத்துங்கள். அழுத்த இடமில்லை என்றாலும் அழுத்துங்கள்.

வண்டி ஏன் கிளம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டே செய்வதில்தான் திறமை இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் உங்கள் கால் திறப்பது காற்றின் கதவை. வந்த காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோல் சேரும். டீசலில், அதிலும் பழைய லாரியில், காற்றுக்குக் கதவே கிடையாது. கால் கொடுப்பது டீசல் மட்டும். காற்றைத் திணிப்பது டர்போவின் வேலை. அந்த டர்போவைச் சுற்றிவிடுவது எஞ்சின் வெளியே தள்ளும் சூடான வாயு. வாயு வலுத்தால்தான் டர்போ வேகமெடுக்கும், டர்போ வேகமெடுத்தால்தான் காற்று வரும், காற்று வந்தால்தான் டீசல் எரியும், டீசல் எரிந்தால்தான் வாயு வலுக்கும். இந்தச் சுற்று சூடுபிடிக்க ஓரிரு நொடி ஆகும். பங்குனியில் கபாலீஸ்வரர் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு இது புரியும். வடம் விறைத்த பிறகும் தேர் ஒரு கணம் அசையாமல் நிற்கும், அப்புறம் முனகிக்கொண்டு நகரும். அதற்காகப் பிக்கப் இல்லை என்று தேரை யாரும் மேஸ்திரியிடம் கொண்டுபோய் விடுவதில்லை.

நீங்கள் விடுவீர்கள். அது நாலாவது படி.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் டீசல் சரியாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். அதாவது, உங்கள் டேங்க் முழுக்கத் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை நிரப்பினால் அது ஒரே ஒரு லிட்டர் டீசலுக்குத்தான் காணும். எஞ்சின் கேட்பது காற்று. நீங்கள் கொடுப்பது டீசல். அது மறுபடி காற்று கேட்கிறது, நீங்கள் மறுபடி டீசல் கொடுக்கிறீர்கள். பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் சட்டையில் கருப்பாக விழுகிறதே, அது லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் கொடுத்து நீங்கள் வாங்கியது.

பாதி மிதித்து, வண்டி நகர்ந்ததும் மீதியை மெல்ல இறக்கினால் பாலத்தின் உச்சிக்கு ஏறக்குறைய அதே நேரத்தில் போய்விடலாம். புகைதான் வராது. புகை வராத லாரியைப் பார்த்து எந்த ஆட்டோக்காரர் ஒதுங்குவார்?

3. கியரை மறந்துவிடுங்கள்

டேஷ்போர்டில் ஆர்.பி.எம். மீட்டர் இருக்கிறது. அதில் ஒரு பச்சைப் பட்டை. பெரும்பாலான லாரி எஞ்சின்களுக்கு இழுவை அதிகம் கிடைப்பது 1,200-லிருந்து 1,600 சுற்றுக்குள், அந்தப் பட்டைக்குள்தான். அதன் மேல் சாமி படம் ஒட்டிவிடுங்கள்.

இதில் இரண்டு பள்ளிக்கூடங்கள் உண்டு. ஒன்று முக்க விடும் பள்ளி: கச்சேரி ரோட்டில் வேகத்தடை ஏறி இறங்கிய பிறகும் அஞ்சாவது கியரை மாற்றாமல், 800 சுற்றில் எஞ்சினைக் கடகடவென்று நடுங்கவைத்து இழுப்பது. கிளட்ச் மிதிக்கும் சிரமம் மிச்சம். அந்தச் சுற்றில் டர்போ கிட்டத்தட்ட தூங்கிக்கொண்டிருக்கும், கிராங்க் பேரிங் விழித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று அலற விடும் பள்ளி: செகண்டிலேயே 2,400 தாண்டும் வரை கத்தவிட்டு அடுத்த கியர் போடுவது. சத்தம் கூடக்கூட இழுவையும் கூடுகிறது என்ற நம்பிக்கை இந்தப் பள்ளியின் பாடத்திட்டம். உண்மையில் உச்சியைத் தாண்டியபின் இழுவை இறங்கிக்கொண்டே போகும்.

இரண்டில் எதில் சேர்ந்தாலும் ஹாஃப் கிளட்ச் பொதுப்பாடம். பனகல் பார்க் நெரிசலில் பிரேக் பிடிக்காமல், கிளட்ச்சிலேயே வண்டியை ஊரவையுங்கள். கருகல் வாசனை வந்தால் பக்கத்து வண்டி என்று சொல்லிக்கொள்ளலாம்.

4. பம்ப்பை ஏற்றுங்கள்

இதுதான் இந்தப் பாடத்தின் உயிர். நிதானமாகப் படியுங்கள்.

பழைய வண்டியை எடுத்துக்கொள்வோம். டாடா 1613 என்றால் பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: 16 டன் மொத்த எடை, 130 குதிரை. எஞ்சின் 697, அதாவது ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் குறுக்களவு. 1954-ல் பென்ஸ் கம்பெனியோடு கைகோத்த காலத்தின் வாடை அதில் இன்னும் இருக்கும். 16 டன் வண்டியில் 12 டன் தண்ணீர், அதன்மேல் சேஸ், கேபின், டேங்க் எல்லாமாகச் சேர்த்து இன்னும் சில டன். கூட்டிப் பார்க்காதீர்கள். இழுவை போதவில்லை என்றால் எடையைக் குறைப்பது கோழைகளின் வழி.

மேஸ்திரியிடம் போங்கள்.

"மேஸ்திரி, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. முக்குது."

"பொகை வருதா?"

"அது சூப்பரா வருது மேஸ்திரி."

"அப்ப பம்ப்பை ஏத்திட்டாப் போச்சு."

இந்த உரையாடலில் உள்ள தர்க்கத்தை ரசியுங்கள். டீசல் ஏற்கெனவே எரியாமல் வெளியே போகிறது, அதனால் இன்னும் டீசல் கொடுப்போம். பம்ப்பில் ஃபுல் லோடு திருகு ஒன்று உண்டு. ஒரு மிதிக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதைக் கட்டிவைப்பது அதுதான். பம்ப் கடையில் பெஞ்சில் ஏற்றி, அளந்து, ஈய சீல் வைத்து அனுப்பியிருப்பார்கள். அந்த சீலைக் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். ஒரு சுற்று. ஆசை தீரவில்லையா, இன்னொரு அரைச் சுற்று.

அதோடு விட்டுவிடாதீர்கள். டர்போ வண்டியில் பம்ப்போடு வட்டமாக ஒரு டப்பா ஒட்டியிருக்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். டப்பாவுக்குள் ஒரு டயஃப்ரம், ஒரு ஸ்பிரிங். காற்றழுத்தம் ஏறும் வரை டீசலைப் பிடித்துவைத்து, ஏறியபின் திறந்துவிடுவது அதன் வேலை. பச்சை விழுந்ததும் நீங்கள் செய்கிற காரியத்தை எதிர்பார்த்து எவரோ முன்கூட்டியே வைத்த ஏற்பாடு. உங்களை நம்பாத கருவி உங்கள் வண்டியில் எதற்கு? அதன் ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பம்ப் கடையில் சில பெரியவர்கள் இருக்கிறார்கள். திருகைத் தொடுவதற்கு முன் அந்த மெல்லிய குழாயை விரலால் தடவிப் பார்ப்பார்கள். குழாய் வெடித்திருந்தால் டயஃப்ரத்துக்குக் காற்றழுத்தம் போகாது, டீசல் திறக்காது, பிக்கப் செத்துவிடும். கையகல ரப்பர் குழாயை மாற்றி, சில்லறை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இப்படிப்பட்ட இடங்களைத் தவிர்க்கவும்.

பம்ப் ஏற்றிய வண்டி முதல் வாரம் நன்றாகவே இழுக்கும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. டர்போ முழு வேகத்தில் சுழலும்போது கொஞ்சம் காற்று உபரியாக இருக்கும், கூடுதல் டீசலில் ஒரு பங்கு அதில் எரியும். அதனால்தான் பக்கத்து வண்டிக்காரரும் உங்களைப் பார்த்து ஏற்றிக்கொள்வார். மிச்சம் கரியாகி ஆயிலில் இறங்கும், ஆயில் கூழாகும், வெளியேறும் வாயுவின் சூடு ஏறும், பிஸ்டன் தலை உருகத் தொடங்கும். சிக்னலில் அந்த ஓரிரு நொடி மட்டும் அப்படியே இருக்கும். அது காற்றுக்கான நொடி, திருகுக்கு அதில் பங்கில்லை.

5. காற்று வரும் வழியை அடைத்துவிடுங்கள்

ஏர் ஃபில்டர். லஸ், மந்தைவெளி, பனகல் பார்க் என்று மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்துக்குத் தோண்டிய தெருக்களில்தான் தினமும் போகிறீர்கள். ஃபில்டர் நிரம்ப அதைவிட நல்ல வட்டாரம் கிடையாது. வெளியே எடுத்து டயரில் நாலு தட்டு தட்டி மறுபடி மாட்டுங்கள். காகிதத்தில் கிழிசல் விழுந்தால் கவலை வேண்டாம், காற்று இனி தாராளமாகப் போகும், மணலோடு.

டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கிளிப் தளர்ந்து, மிதிக்கும்போதெல்லாம் 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். கஷ்டப்பட்டு அழுத்திய காற்று அந்த வழியாகத் தெருவுக்குப் போகிறது. ரேடியோவைச் சத்தமாக வையுங்கள். ஸ்பேனர் எடுத்து ரெண்டு சுற்று முறுக்குவது க்ளீனர் பையன் வேலை. க்ளீனர் இல்லாத வண்டியில் அது யார் வேலையும் இல்லை.

6. பாதி டேங்கில் பரதநாட்டியம்

ஒரு வீட்டில் 6,000 லிட்டர் இறக்கிவிட்டு, மீதி 6,000-ஐ அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும்போதுதான் உங்கள் கலை முழுமையடைகிறது. டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் இருந்தாலும் தண்ணீர் ஆடும். மிதித்தால் பின்னே போகும், விட்டால் முன்னே வரும். ஆகவே மிதியுங்கள், விடுங்கள், மிதியுங்கள், விடுங்கள். நீங்கள் விட்ட நொடியில் ஆறு டன் முன்தகட்டில் வந்து மோதும், மறுபடி மிதிக்கும்போது அதே ஆறு டன் எதிர்ப்பக்கம் இழுக்கும். டர்போ ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுந்து வரவேண்டும். மூடியிலிருந்து சிதறுவது பைக்கில் வருகிறவர்களுக்கு இலவசம். பெடலைப் பிடித்த இடத்திலேயே பிடித்து, மெல்ல மாற்றுகிற டிரைவர்களும் உண்டு. அவர்கள் வண்டி போன தெருவில் ஈரம் இருக்காது, யாருக்கும் அவர்கள் பெயரும் தெரியாது.

7. நிறுத்தும்போது ஒரு சல்யூட்

காந்தி நகரில் சம்ப் ஓரமாக வண்டியை ஒதுக்கிவிட்டீர்கள். சாவியைத் திருப்பும் முன் கடைசியாக ஒரு மிதி, 'வ்ர்ரூம்', உடனே ஆஃப். இதை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது, ஆனால் ஊரில் அத்தனை பேரும் செய்கிறார்கள். எஞ்சின் நின்றால் ஆயில் பம்ப் நிற்கும். டர்போ நிற்காது, நீங்கள் ஏற்றிவிட்ட வேகத்தில் ஆயிலே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே தங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கரியாக இறுகிப் பேரிங்கில் ஒட்டும். இரண்டு மூன்று நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு அணைத்தால் ஆறிவிடும். அதற்குள் ஹோஸை மாட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். அவசரம் என்றால் அவசரம்.

டர்போ போனால் புதுப்பேட்டையில் கழற்றிய டர்போ கிடைக்கும். அதுவும் இப்படித்தான் கழன்று வந்திருக்கும்.

8. பி.எஸ். 6 வண்டி வைத்திருப்பவர்களுக்கு

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான வண்டியா? மேலே சொன்ன திருகு வேலை எதுவும் செல்லாது. பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கம்பியே இல்லை. உங்கள் கால் ஒரு மனு மட்டும் போடும், எவ்வளவு டீசல் என்பதை ஈ.சி.எம். என்ற டப்பா தீர்மானிக்கும். காற்று ஏறாமல் அது டீசலை விடாது. எவ்வளவு முரட்டுத்தனமாக மனு போட்டாலும் அப்படித்தான்.

மனம் தளராதீர்கள். யூரியா டேங்க் இருக்கிறது. சுத்தமான நீரில் 32.5 சதவீதம் யூரியா கலந்த அந்தத் திரவம்தான் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளை முறிக்கிறது. அது தீர்ந்தாலோ கெட்டாலோ விளக்கு எரியும், பிறகு படிப்படியாகப் பவரைக் குறைத்துவிடும். 2021 நவம்பரில் தென்கொரியாவில் இந்தத் திரவத்துக்குத் தட்டுப்பாடு வந்து, லாரிகள் எல்லாம் நின்றுவிடுமோ என்று அரசாங்கமே அலைந்தது. அவர்களுக்கு முதுகில் 12,000 லிட்டர் தண்ணீர் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. ஒரு குடம் மொண்டு ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் யூரியா தெளிக்கும் ஊசித்துளையில் படிகமாக உட்காரும். சென்சார் கண்டுபிடிக்கும், பவர் இறங்கும். பிக்கப் இல்லை என்று மறுபடி முதல் படியிலிருந்து தொடங்கலாம்.

டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி விஷயத்தில் ஊரே உங்களுக்கு உதவும். அது பிடித்துவைத்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடவேண்டும். டேங்கர்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டரில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேறு மாட்டியிருக்கிறார்கள். உஸ்மான் ரோட்டில் 60! ஆம்புலன்ஸே அங்கே தவம் கிடக்கிறது. நின்றபடியே சுத்தம் செய்யச் சொல்லி விளக்கு எரிந்தால், பட்டனைத் தட்டிப் பதினைந்து இருபது நிமிஷம் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் கால் நடை போயிருக்கலாம்.

9. புகைப் பரிசோதனை நாளில் மட்டும் மென்மை

உலகத்திலேயே சட்டம் உங்களை முழுசாக மிதிக்கச் சொல்கிற இடம் ஒன்று உண்டு: புகைச் சோதனை மையம். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, ஐட்லிங்கிலிருந்து ஒரே மிதியாகக் கடைசி வரை மிதிக்கவேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. மீட்டர் புகையின் கருமையை அளக்கும். பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்கு 65, பி.எஸ். 4 வண்டிக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் தாண்டக்கூடாது.

வருஷம் முழுக்க நீங்கள் பயிற்சி எடுத்த அதே மிதி. ஆனால் அன்றைக்குப் பாருங்கள், உங்கள் கால் பூப்போல இறங்கும். பம்ப்பை ஒரு சுற்று இறக்கிவைத்திருப்பீர்கள். ஃபில்டர் புதுசு, ஹோஸ் கிளிப் இறுக்கமாக இருக்கும். சோதனை முடிந்து திரும்பும் வழியில் வண்டி என்னமோ லேசாக ஓடுவதாகத் தோன்றும். காலி டேங்க் என்பதால் என்று எடுத்துக்கொண்டு, நேராக மேஸ்திரியிடம் போய்ப் பம்ப்பை மறுபடி ஏற்றிவிடுங்கள்.

10. விற்கும்போது

இத்தனையும் சரியாகச் செய்திருந்தால் சீக்கிரமே இந்தப் படிக்கு வந்துவிடுவீர்கள். வாங்க வருகிறவரை வண்டியின் பக்கத்தில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ரேஸ் பண்ணிக் காட்டுங்கள். லோடு இல்லாத எஞ்சினுக்கு டர்போ தயவு தேவையில்லை, தொட்டதும் கத்தும். "பிக்கப்பைப் பாத்தீங்களா தலைவரே!" என்று சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.

லோடு ஏற்றி ஒரு ரவுண்டு, திரு.வி.க. பாலம் வரை போய்ப் பார்க்கலாமா என்று கேட்கிற ஆளிடம் மட்டும் விற்காதீர்கள். டேங்க் ஒழுகுது, தண்ணி நிரப்ப முடியாது என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட.